இருட்டு வளவும் பன்னிரண்டு தூணும்: பிள்ளைகளின் சிக்கலுக்குக் கதை எழுதுவது எப்படி?

பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிறது. பள்ளிக்கூட வேன் வந்தால் அழுகிறது. உடைத்ததை ஒளித்து வைக்கிறது. ‘இதுக்கு ஒரு கதை சொல்லுங்களேன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நீதிக்கதைதான். காக்காய் வரும், நரி வரும், கடைசியில் ‘ஆகவே குழந்தைகளே’ என்று ஒரு வரி வரும். பிள்ளை ஆசையாகக் கேட்கும். அன்றைக்கு ராத்திரியும் அதே நிலைப்படியில் நின்று அழும். இந்தச் சிக்கலை மனதில் வைத்து எழுதாத கதையிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

செட்டிநாட்டில் பிள்ளைகளுக்கு எழுதுவது புதிய வேலை இல்லை. ராயவரத்தில் 1922ல் பிறந்த அழ. வள்ளியப்பா, குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950ல் உருவாகக் காரணமாக இருந்தவர். இங்கே பேசப்போவது அந்த மரபின் ஒரு சின்னக் கிளையைப் பற்றி: ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு எழுதும் கதை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒன்றை எழுத நினைப்பவர்களுக்கு இந்த விளக்கம்.

நீதிக்கதை வேறு, சிக்கல் கதை வேறு

நீதிக்கதை ‘எது சரி’ என்று சொல்கிறது. சிக்கல் கதை ‘அந்த நேரத்தில் என்ன செய்யலாம்’ என்று காட்டுகிறது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்குப் பயப்படக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. தினம் நாலு பேர் அதைச் சொல்கிறார்கள். பயம் வந்த நிமிஷத்தில் கையைக் காலை என்ன செய்வது என்பதுதான் அதற்குத் தெரியாது.

எழுதிய கதை எந்த வகை என்று பார்க்க ஒரு வழி உண்டு. கதையைக் கேட்ட பிள்ளை நாளைக்கே தன் கையால் செய்யக்கூடிய ஒரு காரியம் அதில் இருக்கிறதா? ‘தைரியமாக இருந்தாள்’ என்பது காரியமாகாது. ‘தூணைத் தொட்டு எண்ணினாள்’ என்பது காரியம்.

கதை உள்ளே போய் என்ன செய்கிறது?

கதையை மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி 1949ல் கரோலின் ஷ்ரோட்ஸ் எழுதிய ஆய்வு, இன்றுவரை பலரும் பின்பற்றும் மூன்று படிகளைச் சொன்னது.

1. கேட்கும் பிள்ளை கதையில் தன்னைப் பார்க்கிறது. ‘இவளும் என்னை மாதிரிதான்.’
2. அடக்கி வைத்திருந்த பயமோ கோபமோ கதைப் பிள்ளையின் வழியாக வெளியே வருகிறது. மனசு லேசாகிறது.
3. கதைப் பிள்ளை கண்டுபிடித்த வழி தனக்கும் ஆகும் என்று தெரிகிறது.

முதல் படி தவறினால் மற்ற இரண்டும் நடக்காது. விலங்குக் கதைகளில் உள்ள பிரச்சினை இதுதான். டொராண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2017ல் வெளியான ஓர் ஆய்வில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்குச் சட்டை போட்ட விலங்குகளோடும் படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் அதன்பின் அதிகம் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை அந்தப் பலனைத் தரவில்லை. சின்னப் பிள்ளைக்கு ‘இந்த முயல் நான்தான்’ என்று மாற்றிப் போட்டுக்கொள்வது நாம் நினைப்பதைவிடக் கடினம். முயல் கதை சிரிக்க நல்லது. இருட்டைக் கடக்கப் பிள்ளையைப் பற்றியே எழுதுங்கள்.

சிக்கலை அளவெடுப்பது

எழுத உட்காருமுன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். எந்த இடத்தில்? எந்த நேரத்தில்? அப்போது பிள்ளையின் உடம்பு என்ன செய்கிறது?

‘பயம்’ என்று எழுதினால் கதை எங்கேயும் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்: ஆறு வயது உமையாள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் முகப்பிலிருந்து, முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவைத் தாண்டிப் பின்கட்டுக் கழிவறைக்குப் போக மாட்டேன் என்கிறாள். நிலைக்கு முன்னால் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள், உள்ளங்கை வேர்க்கிறது. இதில் இடம், நேரம், உடம்பு மூன்றும் வந்துவிட்டன. கதையில் பாதி வேலை முடிந்தது.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு அவள் பயம் விளையாட்டு இல்லை என்பது புரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு நீளமாகப் பின்னால் ஓடுகிறது. நடுவில் வானம் தெரியும் முற்றம். முக்கால்வாசி அறை பூட்டிக் கிடக்கிறது. பெரியவருக்கே அந்த நடை நீளம்தான்.

கதையைப் பக்கமாகப் பிரிப்பது

படக்கதைக்கு 16 பக்கம் வசதி. அச்சகத்தில் அது ஒரு ஃபாரம், நடுவில் பின் அடித்தால் போதும். வீட்டில் எழுதுவதானால் நாலு தாளை மடித்தாலே 16 பக்கம் வரும். முதல் பக்கம் தலைப்பு. அதன்பின் எதிரெதிர்ப் பக்கமாக ஏழு விரிப்பு, கடைசியில் ஓர் ஒற்றைப் பக்கம். ஒரு விரிப்புக்கு 30 முதல் 40 சொல் என்றால் முழுக்கதையும் 250 சொல்லைச் சுற்றி நிற்கும். ஆறு வயதுக்கு அது சரியான அளவு.

1. *பகல்.* உமையாள் வளவில் ஓடுகிறாள். பன்னிரண்டு தூணும் அவளுக்குப் பழக்கம். முதல் தூணில் அவள் உயரத்தைக் குறித்த கீறல் இருக்கிறது. (பின்னால் உதவப்போகும் பொருளை முதல் விரிப்பிலேயே காட்டிவிட வேண்டும்.)
2. *ராத்திரி.* போக வேண்டும், போக முடியவில்லை. முற்றத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.
3. *முதல் முயற்சி தோற்கிறது.* கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறாள். வழியில் இருந்த செம்பில் கால் இடித்துத் திரும்பி வருகிறாள்.
4. *இரண்டாம் முயற்சியும் தோற்கிறது.* தம்பியை எழுப்பிக் கூட்டிப் போகிறாள். அவன் அவளைவிடப் பயந்தவன்.
5. *திருப்பம்.* தூணைத் தொடுகிறாள்.
6. *பழக்கம்.* மறுநாள் நாலு தூண், அதற்கடுத்த நாள் ஏழு. சத்தம் வந்த இடத்தையும் தொட்டுப் பார்க்கிறாள். மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த கிடாரத்தில் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டு விழுகிறது. கை ஈரமாகிறது.
7. *கடக்கிறாள்.* பன்னிரண்டாவது தூண் வரை தனியாக. நெஞ்சு இன்னும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரே படம், ஒரே வரி: திரும்பி வரும்போது பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை எண்ணிக்கொண்டு வருகிறாள்.

ஐந்தாவது விரிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

> உமையாள் முதல் தூணைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. பகலில் தொட்ட அதே தூண். அதே கீறல்.
> ‘ஒண்ணு’ என்றாள்.
> அடுத்த தூணைத் தொட்டாள். ‘ரெண்டு.’
> மூன்றாவது தூண் இருட்டுக்குள் இருந்தது.
> ‘அப்பத்தா, இங்கேருந்து கையப் பிடிச்சுக்குங்க.’
> ‘வா ஆத்தா’ என்று அப்பத்தா பிடித்துக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘பயம் போய்விட்டது’ என்று எங்கேயும் இல்லை. ஒரே ராத்திரியில் அவள் வெல்லவில்லை, இரண்டு தூண்தான். பயத்தை இப்படித் துண்டு துண்டாகப் பழக்குவதைத்தான் மனநல ஆலோசகர்களும் செய்கிறார்கள். கதை அதே வேகத்தில் நடந்தால், கேட்கும் பிள்ளை தன் வீட்டில் தோற்கும்போது ‘உமையாளுக்கு முடிந்தது, எனக்கு முடியவில்லை’ என்று உடைந்துபோகாது. அப்பத்தா தூணை எண்ணச் சொல்லித்தரவில்லை, வழியைப் பிள்ளைதான் கண்டுபிடிக்கிறது. அப்பத்தா வருவது, பிள்ளை கேட்ட பிறகு, கேட்ட இடத்தில். உதவி கேட்பதும் ஒரு காரியம்தான், அதையும் கதை சொல்லித்தருகிறது.

அப்பத்தா வரும் வரிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் வரைவில் அவரை விட்டுவிட்டு, ‘இரண்டு தூண் போய்த் திரும்பினாள்’ என்று எழுதத் தோன்றும். உடனே கேட்கும் பிள்ளை, ‘அப்ப அவ ஒண்ணுக்கே போகலையா?’ என்று கேட்கும். அதோடு கதை கவிழ்ந்துவிடும்.

சொட்டுச் சத்தத்தை விளக்கும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘அது வெறும் தண்ணீர்தான்’ என்று பெரியவர் சொன்னால், ‘நீ பயந்தது முட்டாள்தனம்’ என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். அவளே தொட்டு, அவள் கையே ஈரமாகட்டும்.

பொய் பற்றிய கதை: தண்டனை உதவுவதில்லை

இந்த வகையில்தான் பெரியவர்கள் அதிகம் தவறுகிறோம். 2014ல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள் 268 பேருக்குக் கதை படித்துக் காட்டி, அதன்பின் அவர்கள் உண்மை சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையின் கதையும், ‘புலி வருது’ வகைக் கதையும் பொய்யைக் குறைக்கவில்லை. செய்த தவற்றை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதைதான் உண்மை சொல்லத் தூண்டியது. அதே கதையின் முடிவை மாற்றி, பொய் சொன்னதால் கெட்டது நடந்ததாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. மிரட்டும் கதையிலிருந்து பிள்ளை கற்பது ‘மாட்டிக்கொள்ளக் கூடாது’ என்பதைத்தான். உண்மை சொன்னால் என்ன நல்லது நடக்கும் என்பதைக் கதை கண்ணில் காட்ட வேண்டும்.

இதற்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடிய பிறகு, உள்ளே பூ எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியைக் கழற்றும்போதுதான் தெரியும்.

அப்பாவுக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுவந்த எட்டு வயதுச் சிறுவன் சோலையின் முழங்கை ஓர் அச்சில் பட்டுவிடுகிறது. அப்பா பார்க்கவில்லை, கல்லை மூடிவிடுகிறார். தப்பு மறைந்திருக்கிறது, ஆனால் ஒருநாள் கண்ணாடி கழலும். பொய்யின் பாரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும் சோலையை எழுதினால் போதும்.

முடிவில் அவன் சொல்கிறான். சொல்லும் வாக்கியம் கேட்கும் பிள்ளையின் வாயிலும் வரக்கூடியதாக இருக்க வேண்டும்: ‘அப்பா, என் கை பட்டுருச்சு. வரிசையில மூணாவது கல்லு.’ அப்பா முகம் ஒரு நொடி சுருங்குகிறது. அதை மறைக்காதீர்கள், கோபமே வராத அப்பாவைப் பிள்ளை நம்பாது. பிறகு, ‘இப்பச் சொன்னது நல்லதாப் போச்சு, இன்னைக்கே ஒண்ணு சேத்துப் போட்டுருவோம்’ என்கிறார். நேரத்தில் சொன்னதால் கணக்குக் குறையாமல் சரக்குப் போகிறது.

நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் கதை

காது குத்து, மொட்டை, பல் மருத்துவர், முதல் நாள் பள்ளி. இவற்றில் பிள்ளை தீர்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இல்லை, என்ன நடக்கும் என்று தெரியாததுதான் சிக்கல். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இந்த வகையை ஒழுங்குபடுத்தினார். அவர் வைத்த கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் உதவும்: ‘இதைச் செய்’ என்ற வாக்கியம் ஒன்று வந்தால், நடப்பதை விவரிக்கும் வாக்கியம் குறைந்தது இரண்டு, ஐந்து வரைகூட இருக்கலாம்.

குலதெய்வக் கோயிலில் காது குத்துவது பற்றி எழுதினால் வரிசை அப்படியே இருக்கட்டும். மாமா மடி, ஆசாரியார், சந்தனம், ஊசி, சுற்றி நிற்கும் கூட்டம். ‘எறும்பு கடிச்ச மாதிரிதான்’ என்று எழுதாதீர்கள். சுருக்கென்று வலிக்கும், அழுகை வரலாம், அழலாம். இதில் ஒரு பொய் சொன்னால் அடுத்த ஊசிக்கு எந்தக் கதையும் எடுபடாது.

மொழி

விவரிப்பு எளிய எழுத்துத் தமிழிலும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கலாம், பிள்ளைகள் இந்தக் கலப்பைச் சிரமமின்றி ஏற்கிறார்கள். விவரிப்பே பேச்சுத்தமிழானால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை திணறும். ‘போயிட்டிருந்தான்’ அதற்குப் புத்தகத்தில் பார்த்த சொல் இல்லை. ஆறு வயதுக்கு வாக்கியத்தில் ஐந்து சொல் போதும். ‘பார்த்துக்கொண்டிருந்தபோது’ போன்ற நீளச் சொல்லை உடைத்து ‘பார்த்தாள். அப்போது…’ என்று எழுதலாம். பள்ளிக்கல்வித் துறை 2023ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலைபிரித்தது. அந்த நூல்களில் நாலைந்தைக் கையில் எடுத்து வாக்கிய நீளத்தை எண்ணிப் பார்த்தாலே அளவு பிடிபடும்.

உறவுப் பெயரில் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. பக்கத்துத் தெருவில் அப்பா அப்பாதான். ஆயா என்றால் இங்கே அம்மாவைப் பெற்றவர், சென்னைப் பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் துணைக்கு இருப்பவர். எந்தப் பிள்ளைக்கு எழுதுகிறோமோ அந்த வீட்டுச் சொல் வரட்டும். வெளியூர்ப் பிள்ளையும் படிக்கும் என்றால், முதல் தடவை மட்டும் ‘அம்மாவைப் பெற்ற ஆயா’ என்று உறவை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடலாம்.

ஊர் கதைக்குள் வேலை செய்ய வேண்டும்

கந்தரப்பம், கண்டாங்கி, தேக்குத் தூண் எல்லாவற்றையும் அடுக்கினால் அது சுற்றுலாக் கையேடு. மேலே தூணும் கிடாரமும் கதையை நகர்த்துகின்றன, அதனால் இருக்கின்றன. பெரிய வீட்டில் வளராத பிள்ளைகளே இங்கும் அதிகம், அவர்களுக்குத் தூணுக்குப் பதில் தெருவிளக்குக் கம்பமோ படிக்கட்டோ வரலாம்.

ஊரே சிக்கலைக் கொடுக்கும் இடமும் உண்டு. அப்பா சிங்கப்பூரில், பிள்ளை காரைக்குடியில். இங்கே ராத்திரி எட்டரை என்றால் அங்கே பதினொன்று, அப்பா குரலில் தூக்கம் இருக்கும். போனைக் கையில் கொடுத்தால் ஏழு வயதுப் பையன் ஓடிவிடுகிறான். பாசம் இல்லாமல் ஓடவில்லை, ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்பதற்குப் பின் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. இந்தக் கதைக்குள் வரவேண்டிய காரியம் இது: பேசுவதை விட்டுவிட்டு ஒரு பொருளைக் கேமராவுக்குக் காட்டுவது. ஆடிய பல், கன்றுக்குட்டி, கணக்கு நோட்டில் வாங்கிய சுழி. அப்பா ஊருக்குத் திரும்பி வருவதாக முடிக்காதீர்கள். கேட்கும் பிள்ளையின் அப்பா நாளைக்கு வரப்போவதில்லை.

இதே தவறு வெடிச்சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையின் கதையிலும் வரக்கூடும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே கூட்டிப்போவதாக முடிக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் கேட்கும் பிள்ளையின் தெருவில் வெடிக்கத்தான் போகிறார்கள். அந்த ஊரைக் கதையில் வைக்கலாம், சத்தத்துக்கு ஒதுங்குவது வெட்கப்படும் காரியமில்லை என்று பிள்ளை அறிய உதவும். காதைப் பொத்துவது, ‘தள்ளிப் போய் வெடிங்க’ என்று கேட்பது, இந்த இரண்டு காரியமும் சொந்தத் தெருவிலேயே நடக்க வேண்டும்.

கதை தாங்காத சிக்கல்

ஒருவர் அடிக்கிறார், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்றால், அதைக் கதையால் ‘சமாளிக்க’ வைக்கக் கூடாது. அங்கே தீர்வு பிள்ளையின் கையில் இல்லை. ‘நம்பும் பெரியவரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்’ என்பது மட்டுமே கதை சொல்லக்கூடியது. 1098 இலவசக் குழந்தைகள் உதவி எண்ணைப் புத்தகத்தின் கடைசி அட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள். மாதக்கணக்கில் தூங்காத, சாப்பிடாத, பேச்சு நின்றுபோன பிள்ளைக்கும் மருத்துவரிடம் போன பிறகுதான் கதை.

படித்துக் காட்டிச் சரிபார்ப்பது

1. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.
2. அழுதுகொண்டிருக்கும்போது படிக்காதீர்கள். பயம் ராத்திரி என்றால் கதை சாயங்காலம்.
3. கதையில் உங்கள் பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள். வேறு பெயர் இருந்தால்தான் ‘இது நான்’ என்று அதுவே கண்டுபிடிக்கும் இடம் கிடைக்கும்.
4. நான்காம் விரிப்பில் நிறுத்தி, ‘இப்ப என்ன செய்வா?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் வழி உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் ஐந்தாம் விரிப்பை மாற்றி எழுதுங்கள்.
5. முடிந்ததும் ‘இதுல என்ன தெரிஞ்சுக்கிட்ட?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த நிமிஷம் கதை பாடமாகிவிடும்.

பிள்ளை ‘இன்னொரு தடவை’ என்றால் அதே சொற்களோடு மறுபடி படியுங்கள். மூன்றாம் நாள் படிக்கும்போது, நீங்கள் ‘ஒண்ணு’ என்று சொல்வதற்கு முன்னாலேயே அது தூணைத் தேடிக் கையை நீட்டும்.